மாளிகை மாதரும் மந்திரிசபையும்

ஆங்கில நாட்டின் அரசியல் வரலாற்றைப் பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் ஓரளவு படித்திருக்கிறோம். மன்னர்களின் பெயர்களையும், அவர்கள் பட்டமெய்திய ஆண்டுகளையும், பிரதம மந்திரிகளின் வரிசையையும் மனப்பாடம் செய்து ஒப்புவித்திருக்கிறோம். வால்போல், பிட், பீல், பாமர்ஸ்டன், டிஸ்ரேலி, கிளாட்ஸ்டன் ஆகிய பெயர்கள் நமக்குப் புதியன அல்ல. ஆயினும், அப்பெயர்களுக்குப் பின்னே நின்று, அமைச்சரவைகள் அமைவதற்கும் கவிழ்வதற்கும் காரணமாயிருந்த பெண்மணிகள் சிலரைப் பற்றி அப்பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. கால அட்டவணையில் வண்டியின் பெயர் அச்சாகிறது. அதனை உரிய தண்டவாளத்திற்குத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் பெயர் அச்சாவதில்லை. இரயில்வேயோடு தொடர்புடைய குடும்பங்கள் பல வாழும் நம் காலனியில் இவ்வுவமை எளிதில் விளங்கும்.

வாக்குரிமை இல்லாத, பாராளுமன்றத்தில் அமரவும் இயலாத அப்பெண்மணிகளுக்கு அரசியலில் அத்துணைச் செல்வாக்கு எவ்வாறு வாய்த்தது? அச்செல்வாக்கின் தன்மை யாது? அதன் எல்லை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லமே அரசியல் மன்றம்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆட்சி, நிலப்பிரபுக்களின் குடும்பங்கள் சிலவற்றின் கையில் இருந்தது. பிரபுக்கள் சபையில் அவர்களே அமர்ந்தனர். காமன்ஸ் சபையிலோ அவர்களுடைய தம்பியரும் மைந்தரும் மருமகன்மாரும் பெருந்தொகையினராய் அமர்ந்தனர். தொகுதிகள் பல குடும்பச் சொத்துப் போலவே கைமாறின. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட் என்பார், ‘ஓல்டு சாரம்’ என்னும் ஊரின் நிலத்தை விலைக்கு வாங்கி, அதன் வழியாக அத்தொகுதியையே தம் கைக்குள் வைத்திருந்தார். குடிகள் ஏறக்குறைய எவருமே இல்லாத அவ்வூர், இரண்டு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பி வந்தது! அவருடைய பேரரும் பிற்காலத்தில் பிரதம மந்திரியாக விளங்கியவருமான மூத்த பிட், 1735இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் புகுந்ததும் அத்தொகுதியின் வழியாகவே.

தொகுதி குடும்பச் சொத்தானால், திருமணம் அரசியல் உடன்படிக்கை ஆகிவிடுகிறது. அன்றியும், இன்று நாம் காண்பது போன்ற கட்சி அலுவலகங்களோ, சம்பளம் பெறும் காரியதரிசிகளோ அந்நாளில் இல்லை. கட்சியினர் ஒன்றுகூடுவதும், மனம் மாறியவரை மீட்பதும், புதியவரை ஈர்ப்பதும், பதவி வேண்டுவோர் விண்ணப்பம் செய்வதும் பிரபுக்களின் மாளிகைகளிலேயே நிகழ்ந்தன. அம்மாளிகையின் தலைவி யார்? பிரபுவின் மனைவியே. விருந்துக்கு எவரை அழைப்பது, எவருக்கு அருகில் எவரை அமர்த்துவது, எவரை அழைக்காது விடுவது என்பனவெல்லாம் அவள் கையில் இருந்தன. விருந்தோம்பல் இல்லறத்தின் கடமை என்று நாம் கருதுகிறோம். அங்கே அஃது ஆட்சிக் கலையின் ஓர் அங்கமாயிற்று.

தங்கச் சாவி ஏந்திய சாரா

இவ்வகைப் பெண்மணிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் மார்ல்பரோ சீமாட்டியான சாரா சர்ச்சில். இவர் 1702இல் பட்டமெய்திய ஆன் அரசியாரின் இளமைத் தோழி. அரச குலத்தவர், பணிபுரிபவர் என்னும் வேற்றுமை கடிதங்களில் தோன்றலாகாதென்று, ஆன் இளவரசியாய் இருந்த நாளிலேயே தம்மைத் ‘திருமதி மார்லி’ என்றும், சாராவைத் ‘திருமதி ஃபிரீமன்’ என்றும் வைத்து இருவரும் எழுதிக்கொண்டனர். அரசியாரின் உடையறைத் தலைமையும், சொந்தச் செலவுப் பணத்தின் காப்பும் சாராவின் பொறுப்பாயின. கணவர் மார்ல்பரோ படைத்தலைவர். கணவரின் நண்பரும் சம்பந்தியுமான கொடால்ஃபின் நாட்டின் பொக்கிஷ மந்திரி. ஆகவே அரண்மனை, படை, பொக்கிஷம் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தின் வளையத்திற்குள் வந்து சேர்ந்தன.

1704ஆம் ஆண்டு பிளென்ஹைம் போரில் பிரெஞ்சுப் படையை முறியடித்த மார்ல்பரோ, அவ்வெற்றிச் செய்தியை ஓர் உணவு விடுதிக் கணக்குச் சீட்டின் பின்புறத்தில் எழுதி விரைந்து அனுப்பினார். அது முகவரியிடப்பட்டது அரசியாருக்கு அன்று; மனைவிக்கே. அரசியாருக்குத் தம் வணக்கத்தைக் கூறி வெற்றியை அறிவிக்குமாறு மனைவியை அதில் வேண்டியிருந்தார். சாராவின் நிலை எத்தகையது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

ஆனால் அந்நிலை நீடிக்கவில்லை. விக் கட்சியினரை அமைச்சரவையில் சேர்க்குமாறு சாரா இடைவிடாது வற்புறுத்தினார். அவருடைய சொற்கள் நாளடைவில் கடுமையாயின. அவராலேயே அரண்மனைப் பணியில் அமர்த்தப்பட்ட வறிய உறவினளான அபிகெயில் மாஷம், தன் பணிவினால் அரசியாரின் அன்பைப் பெற்றாள். அவள் டோரிகளின் தலைவரான ஹார்லிக்கும் உறவினள். நெடும்போரினால் மக்கள் சலிப்புற்றிருந்த நேரம் அது. 1710இல் கொடால்ஃபின் நீக்கப்பட்டார். ஹார்லி ஆட்சிக்கு வந்தார். 1711 ஜனவரியில் சாரா தம் பதவிக்கு அடையாளமான தங்கச் சாவியைத் திருப்பித் தர நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மார்ல்பரோவும் பதவி இழந்தார். 1713இல் உட்ரெக்ட் சமாதானம் ஏற்பட்டது. இம்மாற்றங்கள் யாவும் இரு பெண்களின் பூசலால் மட்டும் விளைந்தன என்று கூறுதல் பொருந்தாது. எனினும், ஒருவரின் அன்பால் வந்த அதிகாரம் அவ்வன்பு வற்றியதும் வற்றிவிடும் என்பதற்குச் சாராவின் வாழ்வு ஒரு பாடமாகும்.

வீதியில் இறங்கிய சீமாட்டி

டெவன்ஷயர் சீமாட்டியான ஜார்ஜியானா, அரண்மனையை விட்டு வீதிக்கே வந்தவர். 1784ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் இரண்டு இடங்களுக்கு மூவர் போட்டியிட்டனர். விக் கட்சித் தலைவரான சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் அவர்களுள் ஒருவர். அந்நாளில் இரகசிய வாக்குப் பதிவு இல்லை. அது 1872இல் தான் வந்தது. வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் தம் விருப்பத்தை வாய்விட்டுக் கூற வேண்டும். வாக்குப் பதிவு ஏப்ரல் 1ஆம் நாள் தொடங்கி மே 17ஆம் நாள் வரை நடைபெற்றது. எவருக்கு எத்தனை என்பது நாள்தோறும் வெளியாகிவந்தமையால், பின்தங்கிய கட்சி மறுநாளே மேலும் வாக்காளரைத் திரட்டிவர முற்படும்.

ஃபாக்ஸ் பின்தங்கி நின்றபோது, ஜார்ஜியானா கடைத் தெருக்களுக்கும் தொழிலாளர் வீடுகளுக்கும் சென்று வாக்குக் கேட்டார். டியூக் ஒருவரின் மனைவி இறைச்சிக் கடைக்காரரின் வாயிலில் நின்று பேசுவது அந்நாளில் எவரும் எதிர்பாராத காட்சி. எதிர்க்கட்சியினர் சும்மா இருப்பார்களா? முத்தம் கொடுத்து வாக்கு வாங்கினார் என்று கேலிச் சித்திரங்களை வரைந்து பரப்பினர். அவரைப் பற்றிய வசை மொழிகள் பத்திரிகைகளில் நிறைந்தன. வாக்குக் கேட்டலாகிய அதே செயலை ஆடவர் செய்தபோது அவர்களுடைய ஒழுக்கத்தை எவரும் ஐயுறவில்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. முடிவில் ஃபாக்ஸ் 236 வாக்குகள் வேறுபாட்டில் இரண்டாம் இடத்தைப் பெற்று வெற்றி எய்தினார். நாடு முழுவதிலும் அவர் கட்சி தோல்வியுற்றது வேறு செய்தி. பல்லாயிரவர் வாக்களித்த அத்தேர்தலில், பிறரை வாக்களிக்கச் செய்த ஜார்ஜியானாவுக்குத் தமக்கென ஒரு வாக்கு இல்லை.

படுக்கையறைப் பணிப்பெண்களும் பிரதம மந்திரியும்

அரண்மனைப் பணிப்பெண்களின் பொருட்டு ஓர் அமைச்சரவை அமையாமலே போனதும் உண்டு. 1839 மே மாதத்தில், ஜமெய்க்கா தீவின் ஆட்சி பற்றிய மசோதா ஐந்தே வாக்குகள் பெரும்பான்மையில் தேறியதால், விக் பிரதம மந்திரி மெல்பர்ன் பிரபு பதவி விலகினார். டோரித் தலைவர் ராபர்ட் பீல் அழைக்கப்பட்டார். அப்பொழுது விக்டோரியா மகாராணிக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. அவரைச் சூழ்ந்திருந்த சீமாட்டிகள் பலரும் விக் தலைவர்களின் மனைவியரும் சகோதரிகளுமாக இருந்தனர். நார்மன்பி சீமாட்டியின் கணவர் விக் அமைச்சர். உடையறைத் தலைவியான சதர்லாந்து சீமாட்டியின் சகோதரர் அயர்லாந்து விவகாரங்களைக் கவனித்து வந்த மார்பெத் பிரபு. இச்சதர்லாந்து சீமாட்டி, நாம் முன்னர்க் கண்ட ஜார்ஜியானாவின் மகள் வயிற்றுப் பேத்தி என்பது சுவையான செய்தி.

அச்சீமாட்டிகளுள் சிலரையேனும் மாற்ற வேண்டும் என்றார் பீல். மகாராணி மறுத்துவிட்டார். மகாராணியின் நம்பிக்கை தமக்கு உண்டு என்பதை நாடு அறியாவிடில் தம்மால் ஆள இயலாது என்று கூறிப் பீல் விலகிக்கொண்டார். மெல்பர்ன் மீண்டும் பதவியேற்று 1841 வரை ஆண்டார். பின்னர்ப் பீல் ஆட்சிக்கு வந்தபோது, ஆல்பர்ட் இளவரசரின் முயற்சியால் முதன்மையான மூன்று சீமாட்டிகள் தாமே விலகினர்.

மெல்பர்னின் தங்கையான எமிலி, 1839 டிசம்பரில் பாமர்ஸ்டன் பிரபுவை மறுமணம் புரிந்தார். அவர் சனிக்கிழமை இரவுகளில் நடத்திய விருந்துக் கூட்டங்கள் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றன. அயல்நாட்டுத் தூதர்களும், பத்திரிகையாசிரியர்களும், கட்சிக்கு எதிராக வாக்களிக்கத் துணிந்திருந்த உறுப்பினர்களும் அங்கே ஒருங்கே காணப்பட்டனர். சீமாட்டியின் அழைப்புச் சீட்டு வந்த மகிழ்ச்சியில் எதிர்ப்பு மறந்தவர் பலர் என்பர். பாமர்ஸ்டன் இருமுறை பிரதம மந்திரியாகி, 1865இல் இறக்கும் வரை அப்பதவியிலேயே இருந்ததில், மனைவியின் அவ்விருந்துகளுக்கும் பங்குண்டு.

இந்தியாவில் ஒரு சீமாட்டி

நம் நாட்டு வரலாற்றோடு தொடர்புடைய சீமாட்டி ஒருவரையும் இங்குக் கூறுதல் பொருந்தும். கவர்னர் ஜெனரலாக 1856இல் பதவியேற்ற கானிங் பிரபுவின் மனைவி சார்லட், அதற்கு முன்னர் பல ஆண்டுகள் விக்டோரியா மகாராணியின் பணியில் இருந்தவர். கல்கத்தாவிலிருந்து மகாராணிக்கு அவர் நேராகவே கடிதங்கள் எழுதி வந்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, ஐரோப்பியப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் என்று பல வதந்திகள் லண்டனில் பரவிப் பழிவாங்கும் வெறியை மூட்டின. பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்று சார்லட் மகாராணிக்குத் தெரிவித்தார். கண்மூடித்தனமான தண்டனையை எதிர்த்தமைக்காக ஆங்கிலேயர்களே தம் கணவரை ஏசிய நேரத்தில் அவர் எழுதிய உண்மை அது. 1861இல் நோயுற்று இறந்த அவர், பாரக்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். வங்காளத்தில் ‘லேடிகேனி’ என்னும் இனிப்பை உண்போரும், குன்னூரில் ‘லேடி கானிங்ஸ் சீட்’ என்னும் இடத்திற்குச் சென்று பள்ளத்தாக்கைக் காண்போரும் அவர் பெயரையே சொல்கின்றனர்.

செல்வாக்கு வேறு, உரிமை வேறு

இவற்றையெல்லாம் நோக்குவோர், ஆங்கிலப் பெண்கள் அந்நாளிலேயே அரசியல் அதிகாரம் பெற்றிருந்தனர் என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் தவறாகும். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், வாக்குரிமை ஆண்மக்களுக்கே உரியது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. பெண்களுக்கும் அதனை வழங்க வேண்டுமென்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1867இல் கொண்டுவந்த திருத்தம், 196க்கு 73 என்னும் வாக்குகளால் தோற்றது. கணவரின் பேச்சைக் கேட்க வந்த அமைச்சரின் மனைவியும் காமன்ஸ் சபையில் உலோகக் கிராதி ஒன்றன் பின்னே மறைந்திருந்தே கேட்க வேண்டியதாயிற்று. அக்கிராதி 1917இல் தான் அகற்றப்பட்டது.

1883இல் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. அவ்வாண்டுச் சட்டம் ஒன்று தேர்தல் செலவுகளுக்கு வரம்பு கட்டி, கூலிக்கு வாக்குச் சேகரிப்பதையும் தடுத்தது. கூலியின்றி வீடுவீடாகச் செல்ல யார் இருக்கிறார்கள்? கட்சிகள் பெண்களை நாடின. கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் துணையாக அவ்வாண்டிலேயே தோன்றிய பிரிம்ரோஸ் லீக் பெண்களை உறுப்பினராக ஏற்றது. லிபரல் கட்சியின் மகளிர் சங்கத்திற்குக் கிளாட்ஸ்டனின் மனைவியே தலைவியானார். பெண்களின் உழைப்பு வேண்டும். அவர்களுடைய வாக்கு வேண்டா என்பதே அந்நாளைய தலைவர்கள் பலரின் கொள்கை.

விந்தை யாதெனின், செல்வாக்குப் பெற்ற சீமாட்டிகள் சிலரே வாக்குரிமையை எதிர்த்தனர். 1908இல் தோன்றிய மகளிர் வாக்குரிமை எதிர்ப்புச் சங்கத்தின் தலைமையில் ஜெர்சி சீமாட்டி இருந்தார். மாளிகை உள்ளவளுக்கு வாக்கு எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். மாளிகை இல்லாதவளின் நிலை யாது? அதனை உலகிற்குக் காட்டியவரும் ஒரு பிரபு குடும்பத்துப் பெண்ணே.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் கூறும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது இந்தியாவின் வைசிராயாக இருந்தவர் லிட்டன் பிரபு. அவருடைய மகள் கான்ஸ்டன்ஸ், பெண்களின் வாக்குரிமைப் போரில் ஈடுபட்டு 1909இல் நியூகாஸில் நகரில் சிறை புகுந்தார். அங்கு உண்ணாவிரதம் இருந்தபோது, மருத்துவர்கள் அவருடைய இருதயத்தைச் சோதித்து, பலவீனமானது என்று கூறி விடுதலை செய்தனர். உடன் போராடிய ஏழைப் பெண்களுக்கோ வலிந்து உணவு புகட்டப்பட்டது. தம் விடுதலைக்குக் காரணம் இருதயமன்று, தந்தையின் பெயரே என்று கான்ஸ்டன்ஸ் ஐயுற்றார். 1910 ஜனவரியில் தலைமயிரைக் குறைத்துக்கொண்டு, மலிவான உடை அணிந்து, ‘ஜேன் வார்ட்டன்’ என்னும் தையற்காரி என்று கூறி லிவர்ப்பூலில் மீண்டும் கைதானார். இம்முறை எவரும் அவருடைய இருதயத்தைச் சோதிக்கவில்லை. தொண்டையில் குழாயைச் செலுத்தி எட்டு முறை வலிந்து உணவு புகட்டினர். அதே பெண், அதே இருதயம், பெயர் மட்டுமே வேறு. அவ்விருதயம் அதன்பின் நலம் பெறவில்லை. 1912இல் பக்கவாதத்தால் தாக்குண்ட அவர், 1923இல் காலமானார்.

சாராவும் ஜார்ஜியானாவும் எமிலியும் கூறாத உண்மையைக் கான்ஸ்டன்ஸ் கூறிவிட்டார். செல்வாக்கு என்பது கணவனின் பட்டத்தாலோ, தந்தையின் பெயராலோ, அரசியின் அன்பாலோ வருவது. அவை நீங்கினால் அதுவும் நீங்கும். உரிமை என்பது எவர் பெயரையும் சாராமல் தன் பெயரிலேயே நிற்பது.

பெயரில் நிற்கும் உரிமை

முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதி வாய்ந்த பெண்களுக்கு இங்கிலாந்தில் 1918இல் வாக்குரிமை வந்தது. ஆடவருக்குச் சமமான உரிமை 1928இல் வந்தது. 1919இல் ஆஸ்டர் சீமாட்டி காமன்ஸ் சபையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினரானார். அவரும் கணவர் பிரபுக்கள் சபைக்குச் சென்றதால் காலியான தொகுதியிலேயே நின்றார் என்பது பழைய முறையின் நிழல் எனலாம். 1979இல் பிரதம மந்திரியான முதல் பெண்ணோ, ஒரு மளிகைக் கடைக்காரரின் மகளான மார்கரெட் தாட்சர். மாளிகை வழி முடிந்து, வாக்குப் பெட்டி வழி தொடங்கியதற்கு இதனினும் தெளிவான அடையாளம் வேண்டுவதில்லை.

நம் சென்னை மாகாணச் சட்டசபை, பெண்களுக்கு வாக்குரிமை வழங்க 1921இலேயே தீர்மானித்தது. சொத்துத் தகுதி உடையோர்க்கே அது பயன்பட்டதாயினும், இந்திய மாகாணங்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. சுதந்திர இந்தியாவில், வயது வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் முதற் பொதுத் தேர்தலிலேயே வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அத்தேர்தலில், ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. காரணம் யாது? தம் சொந்தப் பெயரைக் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே அவர்கள் பதிந்திருந்தனர். பிரபுவின் மனைவி என்னும் பெயரால் இங்கிலாந்தில் அதிகாரம் வந்தது. இன்னாரின் மனைவி என்னும் பெயரால் இங்கே உரிமையே போயிற்று!

சங்க அன்பர்களே, தாய்மார்களே, சகோதரிகளே! இவ்வாண்டு விழாவின் கோலமும், மேடை அலங்காரமும், குழந்தைகளின் நாட்டியமும், பந்தியில் பரிமாறப்படும் உணவும் எவர் கைவண்ணம் என்பதை நாம் அறிவோம். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசாதிருக்கிறது, எவரை எவ்வாறு அழைத்தால் வருவர் என்பதெல்லாம் காரியதரிசியை விட அவருடைய இல்லத்தரசிக்கே நன்கு தெரியும். அஃதாவது, பாமர்ஸ்டன் சீமாட்டியின் பணி நம்மிடையேயும் குறைவின்றி நடைபெறுகிறது. ஆனால் நம் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினால், ‘இன்னாரும் குடும்பத்தாரும்’ என்றே பக்கந்தோறும் காண்கிறோம். அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் அவர்களுடைய சொந்தப் பெயர்களும் இடம்பெறுமாயின், நிர்வாகக் குழுத் தேர்தலில் அவர்களும் வாக்களிப்பர். நிற்க விரும்புவோர் நிற்பர். அதற்கு வேண்டுவது பெரும் புரட்சியன்று. பதிவேட்டில் ஒரு வரியே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!